பாம்புத் தோல் பூஞ்சை: பையிலும் கொக்கியிலும் ஒட்டி ஊர் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரு சாரைப் பாம்பு தானாக ஊர்ந்து போனால் நாலு வயல், ஒரு ஓடை, கொஞ்சம் கல்கட்டு என்று அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றும். அதே சாரையைப் பாலக்கோட்டில் ஒரு வீட்டில் பிடித்துப் பையில் போட்டு வண்டியில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் தொப்பூர்க் காட்டில் இருக்கும். அதன் தோலில் ஒட்டியிருப்பதும் கூடவே போய்ச் சேரும். பாம்புகளின் பூஞ்சை நோயைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைக்க வேண்டும். மண்ணிலும் பொந்திலும் மெல்ல நகரும் ஒன்றை வேகமாக நகர்த்துவது மனிதக் கைதான். அதனால் இந்தக் குறிப்பு முக்கியமாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாம்பு மீட்கப் போகிறவர்களுக்கும், வனத்துறைக் களப்பணியாளர்களுக்கும், ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கும். தோட்டக்காரர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

எது இந்த நோய்

ஒஃபிடியோமைசஸ் ஒஃபிடியிகோலா என்ற பூஞ்சை பாம்பின் செதிலைத் தின்று வளர்கிறது. செதில் கெரட்டினால் ஆனது. நம் நகமும் முடியும் அதே பொருள்தான். 2006-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்புக் கூட்டம் தோல் புண்ணோடு வேகமாகக் குறைந்தது. 2008-இல் இல்லினாயில் மசாசாகா என்ற சிறு கிலுகிலுப்பைப் பாம்புகள் முகம் வீங்கிச் செத்தன. 2009-இல் வளர்ப்புப் பாம்பு ஒன்றிலிருந்து எடுத்த பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள்; 2013-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். நோய்க்குக் காரணம் இதுதான் என்பது 2015-இல் ஆய்வகத்தில் சோளப் பாம்புகளுக்குத் தொற்ற வைத்து நிரூபிக்கப்பட்டது. 2017-இல் பிரிட்டனிலும் செக் நாட்டிலும் காட்டுப் பாம்புகளில் இருப்பதாக அறிவித்தார்கள். பிறகு தைவான் காட்டுப் பாம்புகளிலும் கண்டார்கள்.

இப்படிப் பல நாடுகளில் இருந்தாலும், நம் பக்கத்துப் பாம்பில் ஒரு பொருக்கைப் பார்த்ததும் 'அந்த நோய்தான்' என்று வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. ஆய்வகம் சொல்லும்வரை அதன் பெயர் 'சந்தேகப் புண்'. அதற்காகச் சுத்தத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. கீழே சொல்லும் சுத்தமுறை மற்றப் பூஞ்சைகளுக்கும், பாம்புகளுக்கிடையே தொற்றும் பல கிருமிகளுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

எப்படிப் பரவுகிறது

நோயுற்ற பாம்பின் புண் மேற்பரப்பில் பூஞ்சை இழைகள் துண்டு துண்டாக உடைந்து வித்துகளாகின்றன. பாம்பு ஊரும்போது அவை மண்ணில் உதிர்கின்றன. உரித்துப் போட்ட சட்டையிலும் இருக்கின்றன. அடுத்த பாம்பு அதே பொந்தில் நுழையும்போது வயிற்றுச் செதிலிலும் மோவாயிலும் ஒட்டிக்கொள்கின்றன. தோலில் சின்னக் கீறல் இருந்தால் உள்ளே போக வசதி. புணர்ச்சியிலும், ஆண் சாரைகள் பின்னிக்கொண்டு மல்லுக்கு நிற்கும்போதும் நேரடியாகத் தொற்ற வாய்ப்புண்டு. தாயிடமிருந்து குட்டிக்குப் போவதும் பதிவாகியிருக்கிறது. இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள பாம்பு கட்டாயம் இல்லை. மட்கும் பொருள் இருந்தால் மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். மண்ணில் இயல்பாக இருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் அதை ஓரளவு அடக்கி வைக்கின்றன.

அமெரிக்காவில் குளிர்காலம் முழுக்கப் பல பாம்புகள் ஒரே பாறை இடுக்கில் அடைந்து கிடக்கும். தொற்றுக்கு அது பெரிய வாய்க்கால். இங்கே அந்த மாதிரி நீண்ட குளிர்உறக்கம் கிடையாது. ஆனால் பொது இடங்கள் உண்டு: கரையான் புற்று, எலி வங்கு, பழைய கிணற்றின் கல் இடுக்கு, கேழ்வரகு வயலோரம் பொறுக்கிக் குவித்த கல், தேங்காய் மட்டைக் குவியல். நல்ல பாம்பு விட்ட புற்றில் சாரை புகும், கட்டு விரியனும் புகும். போதாததற்கு நல்ல பாம்பும் கட்டு விரியனும் மற்றப் பாம்புகளைத் தின்பவை.

வெப்பம் முக்கியம். இந்தப் பூஞ்சை சுமார் 25 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும். 35-ஐ நெருங்கும்போது வளர்ச்சி மட்டுப்படும். மே மாத அரூர் வெயிலில் மேல்மண் கொதிக்கும், பூஞ்சை அதில் தழைக்காது. அதே மண்ணுக்குள் மூன்றடி ஆழத்தில் புற்று குளுகுளுவென்று இருக்கும், அங்கே கணக்கு வேறு. ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ஐப்பசி முதல் தை வரை ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்து நிற்கும். குளிரில் பாம்பின் உடல் சூடு இறங்குகிறது, நோயை எதிர்க்கும் வேகமும் குறைகிறது. இரண்டு மாவட்டத்திலும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடமும் மாதமும் இவைதான்.

புண்ணைப் பார்ப்பது

விஷப் பாம்பைக் கையில் பிடித்துச் சோதிக்க வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் பாருங்கள். டப்பாவைத் தூக்கிப் பிடித்தால் வயிறு முழுக்கத் தெரியும். பயிற்சி பெற்றவர்கள் ஒளி ஊடுருவும் குழாய்க்குள் தலையை ஏற்றிப் பார்ப்பார்கள்; குழாயின் அகலம் பாம்பின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே திரும்பிவிடும்.

முதலில் முகம். மூக்கு நுனி, உதட்டுச் செதில், கண்ணைச் சுற்றி, மோவாய். சந்தேகப் புண் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு செதிலின் பின் விளிம்பு மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தடித்து மேலெழும்பியிருக்கும். பக்கத்துச் செதில்களும் அப்படியே ஒட்டிக்கொண்டு ஒரு பொருக்காகும். பொருக்கு பாதி விலகிய இடத்தில் கீழே இளஞ்சிவப்பான ஈரத்தோல் தெரியும். சில பாம்புகளில் மேலே ஒன்றும் இல்லாமல் தோலுக்கடியில் மிளகு அளவில் கட்டிகள் வரிசையாக நிற்கும். முகம் ஒரு பக்கமாக வீங்குவது, வாய் சரியாக மூடாமல் இருப்பது, சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து தொங்குவது ஆகியவையும் குறிகள். நடத்தையையும் கவனியுங்கள். மார்கழி விடியலில், மற்றப் பாம்புகள் வெளியே வராத நேரத்தில், தார்ச்சாலையிலோ பாறையிலோ மெலிந்த பாம்பு அசையாமல் கிடந்தால் அது உடலைச் சூடாக்கப் பார்க்கிறது. கீரியும் மயிலும் லாரியும் முந்திக்கொள்வது அப்படிப்பட்ட பாம்பைத்தான்.

ஏமாற்றும் விஷயங்கள் நிறைய. சட்டை உரிக்கும் முன் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரிப் பால்நிறம் படரும், உடல் மங்கும். சில நாளில் கண் தெளிந்து பிறகு சட்டை கழலும். அது நோயல்ல. ஒரு கண் மட்டும் மங்கி, ஓரத்தில் பொருக்கும் இருந்தால் சந்தேகப்படலாம். சாரை, மலைப்பாம்பு, நல்ல பாம்பு ஆகியவற்றின் செதிலிடுக்கில் உண்ணி உட்கார்ந்திருக்கும். தூரத்துப் புகைப்படத்தில் பொருக்கு மாதிரியே தெரியும், கிட்டப் பார்த்தால் கால் இருக்கும். கரும்புத் தோகைத் தீயில் வெந்த தோல் ஒரு பக்கமாகப் பரவலாகச் சுருங்கியிருக்கும். நைலான் வலையில் மாட்டிய பாம்புக்கு உடலைச் சுற்றி மோதிரம் போல வெட்டு இருக்கும். வீட்டுக்காரர் பதற்றத்தில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றியிருந்தால் தோல் வெந்து உரியும். ஆகையால் பாம்பைப் பார்க்கும் முன் 'மேலே ஏதாவது ஊற்றினீங்களா?' என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

ஈரக் கோணியில் ராத்திரி முழுக்க அடைத்து வைத்த பாம்பின் வயிற்றில் கொப்புளம் வரும். அது பெரும்பாலும் பாக்டீரியா வேலை, நாம் வரவழைப்பது.

படமும் பதிவும்

செல்போன் படம் போதும், ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும். முழுப் பாம்பு ஒன்று, தலை இரண்டு பக்கமும், வயிறு, ஒவ்வொரு புண்ணும் கிட்டத்தில். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ அளவுகோலோ இருக்கட்டும். டப்பா மூடி பளபளத்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். செதில் எழும்பியிருப்பது நிழலில் தெரியும், நேர் வெளிச்சத்தில் தெரியாது. தேதி, நேரம், இருப்பிடப் புள்ளி, எந்தப் பாம்பு, சட்டை உரிக்கும் நிலையா, புண் எத்தனை, எங்கெங்கே, எந்த இடத்திலிருந்து பிடித்தது, எங்கே விட்டது என்று எழுதுங்கள். புண் இல்லாத பாம்பையும் இதே படிவத்தில் எழுதுவதுதான் பலருக்குச் சலிப்பு. அது இல்லாவிட்டால் நூறில் எத்தனைக்குப் புண் என்று யாரும் ஒருநாளும் சொல்ல முடியாது. மண்ணுளி, மலைப்பாம்பு போன்றவற்றின் இருப்பிடப் புள்ளியைப் பொது இடத்தில் போட வேண்டாம், கடத்தல்காரர்களும் படிக்கிறார்கள்.

பை, கொக்கி, செருப்பு: சுத்தம் செய்யும் முறை

ஒரு பாம்புக்கு ஒரு பை. இதில் சமரசம் கிடையாது. பருத்திப் பை ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி அகலம், மூன்றடி நீளம் பெரும்பாலான பாம்புக்குப் போதும். பயன்படுத்தியதைக் கட்டி, தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி அடித் தையலைப் பாருங்கள். மடிப்புக்குள் மாவு மாதிரி செதில் துகளும், காய்ந்த எச்சமும், சில நேரம் சட்டைத் துணுக்கும் சிக்கியிருக்கும். தொற்று இருந்தால் தங்குவது அங்கேதான். பையை உதறிவிட்டு மடித்து வைக்கிற பழக்கம் அதனால்தான் ஆபத்து. தைக்கும்போதே தையல் விளிம்பு வெளியே இருக்கும்படி தைத்தால் துகள் சேராது, பாம்பு நூலில் பல் மாட்டிக்கொள்வதும் குறையும்.

சோப்புத் தண்ணீர் முதலில், கிருமிநீர் அடுத்தது. மண்ணும் எச்சமும் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், பூஞ்சைக்கு மிச்சம் இருக்காது. பிரஷ் போட்டுத் தேய்த்து அலசியபின் கீழே உள்ள கரைசலில் 10 நிமிடம் முழுக்க மூழ்க வையுங்கள்.

கடையில் 4 முதல் 5 சதவீதம் என்று அச்சிட்ட சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் கிடைத்தால் 100 மில்லி எடுத்து 900 மில்லி தண்ணீரில் கலக்கவும். அது இல்லாமல் பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர்தான் கையில் இருக்கிறது என்றால், 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடரில் லிட்டருக்கு 17 கிராம். 10 லிட்டர் வாளிக்கு 170 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, மீதியை ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு பையில் ஒட்டினால் அடுத்த பாம்பின் தோல் எரியும். பவுடர் மூட்டை திறந்து பல மாதம் ஆகி, கட்டிதட்டி, நெடியே இல்லை என்றால் அதில் குளோரின் போய்விட்டது. எவ்வளவு போட்டாலும் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

10 நிமிடம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உள்பக்கம் வெளியே இருக்க வெயிலில் மொறுமொறுவென்று காயப் போடுங்கள். மழைக்காலத்தில் வெயில் இல்லையென்றால் பைகளைக் கொதிநீரில் 10 நிமிடம் வேகவைத்து, அடுப்பங்கரைக் கொடியில் காயவைக்கலாம். அரை ஈரப் பையை மடித்து வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

கொக்கி, இடுக்கி, குழாய்க்குக் குளோரின் போட்டால் உடனே அலசித் துடைக்க வேண்டும், இரும்பு துருப்பிடிக்கும். களத்தில் அடுத்தடுத்து அழைப்பு வரும்போது 70 சதவீத ஆல்கஹால் வசதி: மண்ணைத் துடைத்துவிட்டு, நனைய நனையத் தெளித்து, குறைந்தது 2 நிமிடம் ஈரம் நிற்க விட வேண்டும். சித்திரை வெயிலில் ஆல்கஹால் அரை நிமிடத்தில் ஆவியாகிவிடும், அதனால் நிழலில் வைத்துத் திரும்பத் தெளியுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம்.

மருத்துவமனைகளில் கைகழுவப் பயன்படும் குளோர்ஹெக்சிடின் இந்தப் பூஞ்சையைக் கொல்வதில்லை. சோதித்துப் பார்த்த விஷயம் இது. மணம் நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள். பினாயிலும் வேண்டாம், பாம்புக்கு அதுவே நஞ்சு.

பலரும் மறப்பது செருப்பும் பூட்ஸும். அடியில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டி அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, பிரஷால் தேய்த்துக் கரைசலில் நனைத்தெடுங்கள். ஒரே நாளில் வத்தல்மலையில் ஏறி, மறுபடி கீழே ஏரிக்கரையில் பாம்பு தேடும் கணக்கெடுப்புக் குழுக்களுக்கு இது கட்டாயம். கையுறையைப் பாம்புக்குப் பாம்பு மாற்றுங்கள். புண் உள்ள பாம்பு என்று முன்பே தகவல் இருந்தால் அதை அன்றைய கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விடுவது

பிடித்த இடத்துக்கு அருகிலேயே. வீட்டுக்குள் பிடித்தது என்றால் அதே ஊரின் புதர், ஓடை, பாறை. 'நல்ல அடர்ந்த காடு' என்று எங்கெங்கோ பிடித்த பாம்புகளை எல்லாம் ஒகேனக்கல் பக்கமோ காவிரி வடக்குச் சரணாலய ஓரமோ கொண்டுபோய்க் கொட்டுவது கருணை மாதிரித் தோன்றும். பழக்கமில்லாத இடத்தில் பாம்பு இரையும் பொந்தும் தேடி அலைந்தே சாகும். பத்து ஊர்க் கிருமியும் ஒரே காட்டில் சேரும். ஊரார் 'திரும்ப வந்துடுமே' என்று மறுப்பார்கள். எவ்வளவு தூரத்தில் விடலாம் என்பதை வனச்சரக அலுவலரோடு பேசி எழுத்தில் முடிவு செய்துவிட்டால் அந்த இடத்தில் வாக்குவாதம் குறையும்.

லேசான புண், உடம்பு தேறியிருக்கிறது, நன்றாக நகர்கிறது என்றால் படம் எடுத்து விட்டுவிடுங்கள். நோயுள்ள பாம்பு அடிக்கடி சட்டை உரிக்கும். புண்ணோடு சேர்ந்து மேல்தோல் கழன்று தேறிக்கொள்ளும் பாம்புகளும் உண்டு. கண் மூடிப்போனது, வாய் மூடவில்லை, முதுகெலும்பு துருத்துகிறது என்றால் வனத்துறை வழியாக வன உயிர்க் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூஞ்சைக்கு மருந்து உண்டு, டெர்பினாஃபைன் மருந்தை நுண்திவலையாக்கி மூச்சில் தருவது போல. ஆனால் வாரக்கணக்கில் தனியாக வைத்து, அளவு பார்த்துத் தர வேண்டியது. சில மருந்துகள் சில பாம்புகளையே கொன்றிருக்கின்றன. மஞ்சள் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது, மனிதர்களுக்கான படைக் களிம்பு போடுவது எல்லாம் வேண்டாம். புற்றுக்குள் தோட்டத்துப் பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது அதைவிட மோசம். மண்ணில் இந்தப் பூஞ்சையை அடக்கி வைக்கும் மற்ற நுண்ணுயிர்களும் சேர்ந்து அழியும்.

பிடிப்பதற்கே அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வீட்டில் பாம்பு என்றால் தீயணைப்புத் துறை 101. கடித்துவிட்டால் வேறு எதுவும் செய்யாமல் 108.

தோட்டக்காரர்களுக்கு

மாந்தோப்பிலும் கேழ்வரகு வயலிலும் கற்குவியலைக் கலைக்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஜேசிபி வைத்துக் கலைத்தால் உள்ளே இருக்கும் பாம்புகள் கீறல்பட்டு, ஒரே சமயத்தில் பக்கத்துக் குவியலில் நெருக்கியடித்துப் புகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காமல் ஒரு குவியலை விட்டு வையுங்கள். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் அடிவாரத்தில் ஊற்றட்டும், துளைக்குள் வேண்டாம்; உள்ளே நிற்கும் ஈரம் பாம்புக்கு நல்லதல்ல, பாம்பு அதைக் குடிப்பதும் இல்லை. கிடைத்த பாம்புச் சட்டையைப் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போவது உண்டு. இந்தப் பூஞ்சை மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவு இல்லை. ஆனால் பாம்பைத் தொட்ட கையில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மாதிரியும் செத்த பாம்பும்

பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதியுள்ளவர்கள் நுண்ணுயிர் நீக்கிய உலர்ந்த குச்சியால் புண்ணின் மேல் ஐந்து முறை அழுத்தித் தேய்த்து, தனிக் குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இன்னொரு குச்சியால் தலையிலிருந்து மலவாய் வரை புண் இல்லாத தோலிலும் எடுங்கள். பூஞ்சை தோலுக்கடியில் இருந்தால் மேலே தேய்த்த குச்சியில் வராது, அதனால் 'இல்லை' என்று வந்த ஒற்றை முடிவை வைத்து நோயில்லை என்று எழுத முடியாது. குச்சியில் செய்த மரபணுச் சோதனை முடிவு மட்டும் 'இருக்கிறது' என்றாலும் நோய் என்று ஆகாது. தோலில் வெறுமனே ஒட்டியிருக்கலாம். புண், பூஞ்சை, நுண்ணோக்கியில் திசுவுக்குள் இழை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் உறுதி. அனுப்பும் முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ வண்டலூரில் உள்ள வன உயிரின உயர்நிலை நிறுவனத்தையோ வனத்துறை வழியாகக் கேட்டு, எந்தச் சோதனை செய்ய முடியும், மாதிரி எப்படி வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையில் அடிபட்டதானாலும் புண் உள்ள செத்த பாம்பு மதிப்புள்ளது. வெறும் கையால் தொடாதீர்கள். செத்த விரியனின் தலை சில மணி நேரம் கழித்தும் கடிக்கும். வனக்காப்பாளருக்குத் தகவல் சொல்லிவிட்டு, கொக்கியால் எடுத்து இரட்டைக் கவரில் போடுங்கள். இரண்டு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேரும் என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய வைத்தால் செல்கள் உடைந்து திசுவைப் படிக்க முடியாது. தாமதமாகும் என்றால் உறைய வைப்பதைத் தவிர வழியில்லை. அப்போது உறைய வைக்கும் முன் மருத்துவர் புண்ணோடு சேர்த்து நல்ல தோலும் வருமாறு ஒரு சிறு துண்டு வெட்டி, அதன் பருமனைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போடட்டும். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும், எனவே பக்கத்துத் துண்டு ஒன்று மருந்தில்லாமல் உறையட்டும். பெயரையும் தேதியையும் பென்சிலால் காகிதத்தில் எழுதி ஃபார்மலின் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு ஐஸ் தண்ணீரில் உரிந்துவிடும்.